மச்சானின் மற்றக் காது

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நடந்தது இது. நான் ஓர் அமெச்சூர் வானொலிக்காரன்; பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் உலகத்தோடு கதைக்கிறவன். வருஷத்தில் சில வார இறுதிகளில் உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்களுக்குப் போட்டி நடக்கும். அதிகம் பேரோடு, அதிக நாடுகளோடு கதைத்துப் பதிகிறவருக்கு முதலிடம். எனக்கு உலகமெல்லாம் வேண்டாம், இலங்கையில் முதலாவதாக வந்தால் போதும். உண்மையைச் சொன்னால், என் மச்சானுக்கு மேலே வந்தால் போதும்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி; அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. அவன் போன வீடு மூன்று மாடி. எனக்குக் கிடைத்தது அவன் விட்டுப்போன ஓட்டு வீடு. அன்டெனா உயர உயரத்தான் சத்தம் தூரம் போகும். அவன் மொட்டை மாடியில் அன்டெனா ஏறிய அன்றைக்கே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு அவனிடம் இரண்டு ரேடியோ வேறு. ஒவ்வொரு முறையும் அவன்தான் முதல். மனைவிக்கு முன்னால் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

அந்த முறை சனிக்கிழமை இருபது மீற்றர் அலைவரிசையில் ஐரோப்பாக்காரர்களை அள்ளினேன். இணையத்தில் உடனுக்குடன் வரும் புள்ளிப் பட்டியலில் மச்சானை முந்திவிட்டேன். ஞாயிறு மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து, மேசையை ஃபேன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பதினைந்து மீற்றருக்கு மாறினேன்.

அதோடு வந்தது வினை. கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேரின் அழைப்புக்குறியை, அதாவது வானொலியில் அவர்களுக்குள்ள அடையாளப் பெயரை அடித்தால், 'ஏற்கெனவே பதிந்தவர்' என்று கணினியில் பதிவு வைக்கும் மென்பொருள் சிவப்பில் காட்டியது. ஒருவரோடு ஓர் அலைவரிசையில் ஒருமுறைதான் புள்ளி. ஆகவே எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். சிலர் இல்லை, இல்லை என்று வாதாடினார்கள். அந்த மென்பொருள் முன்பும் போட்டி நடுவில் உறைந்துபோய் என் உயிரை வாங்கியதுதான். ஆனாலும் மனிதர்களை விட்டுவிட்டு அதைத்தான் நம்பினேன். பட்டியலில் மச்சான் என்னை நெருங்கிக்கொண்டிருந்தான்.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவனேதான். போட்டியை விட்டுவிட்டு வருகிறான் என்றால் உளவு பார்க்கத்தான் என்று நினைத்து, திரையைக் கையால் மறைத்தேன்.

"மச்சான், ஏன் எல்லாரையும் திருப்பி அனுப்புறீங்க? போன் அடிச்சாலும் எடுக்கிறீங்க இல்ல. அந்தக் கேபிளப் பாருங்க."

மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ரேடியோவிலிருந்து கணினிக்குப் போகும் கேபிள் கழன்று கிடந்தது. மேசையை நான் இழுத்த இழுப்பு. நான் பதினைந்துக்கு மாறியது மென்பொருளுக்குத் தெரியவே இல்லை. இருபதிலேயே நிற்பதாக நினைத்து, முதல் நாள் கதைத்தவர்களையெல்லாம் சிவப்பாக்கியிருக்கிறது. புதிதாகப் பதிந்ததும் பிழையான அலைவரிசையில். அந்தப் பதிவைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அப்படியே அனுப்பியிருந்தால் அதில் ஒன்றுக்கும் புள்ளி கிடைத்திருக்காது.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு ரேடியோ இரிக்கிதானே. ஒரு காதுல என்ட வேல, மற்றக் காதுல ஒங்கட சத்தம். நேத்தேலிருந்து அப்பிடித்தான். நேத்து இருபதுல கதச்சவங்களையே இப்ப பதினஞ்சில திருப்பி அனுப்பினீங்க, அப்ப கேபிள்தான் கழன்டிரிக்கும். நீங்க முந்திப் போறது எனக்குப் பொறுக்கல மச்சான்," என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

தனியாள் போட்டி என்பதால் அவன் எதையும் தொடவில்லை. பிழைகளை நானே திருத்தினேன். இன்னொரு கோளாறு வந்தால் என்று, பிளேன் டீயைக் குடித்துக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பக்கத்திலேயே இருந்தான். அவ்வளவு நேரமும் அவனுடைய ரேடியோ சும்மா கிடந்தது.

முடிவு வந்தபோது நான் முதல், அவன் இரண்டாவது. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் அவன்தான்.

அவன் மேல் எனக்கும் அதே எரிச்சல் எத்தனையோ காலமாக இருந்தது. ஒருநாளும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, இன்றுவரை சொல்லவும் வாய் வரவில்லை. பொறாமையைச் சிரித்துக்கொண்டே போட்டுடைத்துவிட்டு, அடுத்த நிமிஷம் தான் யார் மேல் பொறாமைப்பட்டானோ அவனுக்கே துணையாக உட்கார முடிகிற அவன் மனசைப் பார்த்துத்தான் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.