மாமனார் கையில் ஒரு பட்டன்

என் மாமனார் ஆயுசில் பாதியை பஸ் கண்டக்டராகக் கழித்தவர். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கணும், இரண்டு கொடுத்தால் கிளம்பணும், மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு என்பது அவர் கொள்கை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகும் கொள்கை முறியவில்லை. "ஏம்மா!" என்று அவர் கூப்பிட்டால் தெருக்கோடியில் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் ரிமோட் செய்து விற்கும் கடையில் வேலை பார்க்கிறவள். சும்மா இருக்காமல் அவருக்கு ஒரு பட்டன் செய்து கொடுத்தேன். தீப்பெட்டி அளவு டப்பா. உள்ளே நகத்தளவில் ஒரே ஒரு சிப். ரேடியோ அலையை உண்டாக்குவதும், அதில் ரகசிய எண்ணை ஏற்றி அனுப்புவதும் அதுவே. அழுத்தினால் அடுப்படியில் மணி அடிக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

ஒன்று அடித்தால் 'வா'. இரண்டு அடித்தால் 'வேண்டாம், போ'. மாவுக் கையோடு ஓடுவேன்.

"என்ன மாமா?"

"ஜன்னல்ல ஒரு பூனை நின்னுச்சு. போயிடுச்சு. நீ லேட்டு."

மாடியில் வீட்டு ஓனர், தனி ஆள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எங்களுக்கு முன் குடியிருந்தவர்களை, குழாய் சொட்டியதற்காகவே காலி செய்யவைத்தவர். ஒரு நாள் மோட்டார் போடச் சொல்ல மேலே போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது கீழே எங்கள் மணி ஒருமுறை அடித்தது. அவர் தலைக்கு மேல் ஃபேன் நின்றது. மனிதர் மடியிலிருந்த ரிமோட்டால் மறுபடி ஓடவிட்டார். மணி இரண்டு முறை அடித்தது. ஃபேன் ஒரு விக்கல் விக்கிவிட்டு ஓடியது.

படியிறங்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஃபேன் ரிமோட்டும் எங்கள் கடைச் சரக்குதான். எண்ணை மாற்றுவதற்கென்று சிப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களை இரண்டிலும் யாரும் தொடவில்லை. இரண்டுக்கும் ஒரே எண்! அவர் ரிமோட்டின் அலை கீழே எட்டாது, மாமனார் பட்டனின் அலையோ மாடி வரை போகிறது. குழாய்க்கே அந்தக் கதி என்றால் ஃபேனுக்கு? இடுப்பு முறிந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு, படியில்லாத வீடு தேடி எங்கே அலைவது?

மாமனார் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பட்டனைத் திருடினேன். இரண்டு கால்களை ஈயம் உருக்கிச் சாலிடர் வைத்து இணைத்தேன். மணிப்பெட்டியிலும் அதே மாற்றம். எண் மாறியது, என் உயிரும் திரும்பியது.

மறுநாள் மத்தியானம் கதவு இடிபட்டது. ஓனர் செருப்புகூடப் போடாமல் மூச்சு வாங்க நின்றார்.

"பெரியவருக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலயே. தூங்குறார்."

"காலையிலேருந்து என் ஃபேன் ஒரு தடவகூட நிக்கல!"

"ஃபேன் ஏன் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எப்பவோ தெரியும். நின்னா உன்னக் கூப்பிடுறார், விக்குனா வேண்டாங்கிறார். கதவச் சாத்திட்டா உங்க மணி மேல கேக்காது, பேச்சுக்கும் ஒரு ஆள் கிடையாது எனக்கு. அந்த ஃபேன் நிக்கும்போதுதான் இந்த வீட்ல நாலு பேர் இருக்கோம்னு தோணும். இன்னிக்கு நிக்காம ஓட ஓட, பயந்தே போயிட்டேன்."

கண் கலங்கியிருந்தார். இந்த மனிதருக்கா இத்தனை நாள் நடுங்கினோம் என்று வெட்கமாக இருந்தது.

"நான்தான் சார் மாத்திட்டேன்," என்றேன்.

அவ்வளவுதான், மனிதர் முகம் சிவந்தது.

"யாரக் கேட்டு மாத்துன? சாயங்காலத்துக்குள்ள பழையபடி வைக்கணும். இல்ல, வீட்டக் காலி பண்ணு!"

சாலிடரிங் கம்பியைச் சூடேறப் போட்டேன்.