பரணில் இருந்த கண்ணி

குண்டூர் நாடு என்ற மலைப்பகுதியில் ஏரி ஒன்றின் நடுவே ஒரு திட்டு இருக்கிறது. அதிலுள்ள மரங்களில் கொக்குகள் கூடு கட்டும். கூடு கட்டும் காலத்தில் அங்கே மனிதர் கால் படக்கூடாது என்பது சட்டம். பதினோரு வருடம் அந்தச் சட்டத்தைக் காத்தவர் சின்னக்கண்ணு. வனத்துறையில் தற்காலிகக் காவலர். சொந்த மச்சான் பரிசலில் ஏறினாலும் இறக்கிவிடுவார். ஊரில் பாதிப்பேர் அவரோடு பேச்சை நிறுத்தியதற்கு அந்தக் கறார்தான் காரணம். வேலை நிரந்தரமாகும் ஆணை போன வருடம் வருவதாக இருந்தது.

அப்படிப்பட்டவரிடமும் ஓர் ஓட்டை இருந்தது. வேலைக்குச் சேருமுன் அவரே கொக்கு பிடித்தவர்தான். சேர்ந்த அன்று கண்ணிகளையெல்லாம் எரித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. இருபது சுருக்கு, முனை கருக்கிய மூங்கில் முளைகள், ஒரு மாத உழைப்பு. வீட்டுப் பரணில் செருகிவிட்டார். பாகம் பிரித்தபோது அந்த வீடு தம்பி செங்கோடனுக்குப் போனது, கண்ணியும் பரணோடு போனது. கேட்டு வாங்கி எரித்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே வருடங்கள் ஓடிவிட்டன.

அந்த ஆணைக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு காலையில் அவருடைய மேலதிகாரி வனவர் ஜெசிந்தா போன் செய்தார். திட்டில் ஓர் ஆளைப் பிடித்திருக்கிறாராம். பரிசலில் போய் இறங்கினால், செங்கோடன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், குழம்புக்கு ஆகும் என்று வந்தவன். பக்கத்தில் கழுத்துத் துவண்டு இரண்டு கொக்குகள். மேலே கூட்டில் குஞ்சுகள் ஓயாமல் கத்தின. சின்னக்கண்ணு அண்ணாந்து கூட்டைப் பார்த்தார். அப்புறந்தான் கீழே கிடந்த கண்ணியின் கருக்கிய முனைகளைப் பார்த்தார்; பரணில் இருந்த அதே கண்ணி.

"கண்ணி யாருது?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"நானே செஞ்சதுங்க மேடம்" என்றான் செங்கோடன், அண்ணன் பக்கம் திரும்பாமல்.

ஜெசிந்தா அதை எழுதி, படித்துக் காட்டி, சாட்சிக் கையெழுத்துக்காகச் சின்னக்கண்ணுவிடம் பேனாவை நீட்டினார். தம்பி மேல் வழக்கு எப்படியும் உறுதி. இந்தக் கையெழுத்தைப் போட்டால் அண்ணன் வேலையாவது தப்பும்.

சின்னக்கண்ணு பேனாவை வாங்கவில்லை.

"அவன் சொல்றது பொய்ங்க மேடம். இது நான் பின்னுன கண்ணி. எரிச்சுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் பரண்ல ஒளிச்சு வச்சேனுங்க."

"அண்ணா, சும்மா இரு."

ஜெசிந்தா பேனாவை மூடினார். "இதை எழுதுனா உங்க வேலை போயிரும், சின்னக்கண்ணு."

"தெரியுமுங்க. எழுதுங்க."

வேலை போயிற்று. செங்கோடன் ஜாமீனில் வந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள்.

இப்போது சின்னக்கண்ணுவுக்கு மரவள்ளிக் காடுதான் பிழைப்பு. கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் மட்டும், யாரும் சொல்லாமலே ஏரிக்கரைக்கு வந்து நின்றுகொள்கிறார். போன வாரம் காரில் வந்த நாலு பேர் பரிசல் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள்.

"அங்க போகக் கூடாதுங்க."

"நீங்க யாரு, ஆபீசரா?" என்று கேட்டான் கயிற்றைப் பிடித்திருந்தவன்.

"இல்லீங்க. என் கண்ணியில ரெண்டு கொக்கு செத்த எடமுங்க அது. நானும் போகக் கூடாத ஆளுதான்."

அவன் கயிற்றைக் கீழே போட்டான்.