நடத்தாத பதினொன்றாம் வகுப்பு

ஆவடி போகிற சாலையில் எங்கள் நிர்வாகத்தின் விளம்பரப் பலகை நிற்கும். எல்.கே.ஜி. முதல் பி.இ. வரை ஒரே வளாகம் என்று ஆள் உயர எழுத்து. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே வளாகம்தான், பொய்யில்லை. மழலையர் வகுப்பிலிருந்து பொறியியல் கல்லூரிக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நடந்து வந்து, உங்களிடம் படித்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் கேட்டதாக, நான் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நினைவில்லை. கேன்டீன் மட்டும் எல்லாருக்கும் பொது.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் அந்தப் பாடத்தை நாங்கள் நடத்துவதே இல்லை. பதினொன்றில் சேர்ந்த முதல் வாரமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுவோம். ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் போட்டு அரைத்தால் எந்தப் பிள்ளைதான் தொண்ணூறு வாங்காது? நடுவில் பதினொன்றின் சூத்திரம் ஏதாவது தேவைப்பட்டால் போர்டில் எழுதிப்போட்டு, "காரணமெல்லாம் கேக்காத, மனப்பாடம் பண்ணு" என்பேன். பெற்றோர் பலருக்கும் இது தெரியும். "லெவன்த் போர்ஷன் எடுத்து டைம் வேஸ்ட் பண்ண மாட்டீங்கல்ல மேடம்?" என்று சேர்க்கும்போதே கேட்டவர்கள் உண்டு. பாதிப் பேர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள், நன்றாகப் படித்தவர்கள்.

அப்படி என்னிடம் தொண்ணூற்றாறு வாங்கிய ஒரு பெண் எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்தாள். முதல் செமஸ்டர் கணக்கில் இரண்டு முறை தோற்றாள். முத்தாபுதுப்பேட்டைப் பெண். ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து தாளாளர் அறையில் சத்தம் போட்டார். உடனே கல்லூரிக் கணக்கு சாரிலிருந்து எல்.கே.ஜி. மிஸ் வரை எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"இன்னா சார் இது? இந்தாண்ட பில்டிங்குல தொண்ணூத்தாறு வாங்குன பொண்ணு, அந்தாண்ட பில்டிங்குக்குப் போனா ரெண்டு தபா பெயிலுன்றீங்க. நடுவுல இன்னா கீது, கடலா?" என்றார் அப்பா. "இதுக்கு ஒரு வயி சொல்லுங்க. இல்லாங்காட்டி நிறுத்திட்டு ஏதுனா கம்பெனில சேத்து உட்றேன்."

கல்லூரி சார் என்னைப் பார்த்தார். "பதினொண்ணாவதுல வர்ற லிமிட்னா என்னன்னே தெரியாம வர்றாங்க. ஸ்கூல்ல என்னதான் பண்றீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பத்தாவது முடிச்சு வர்றப்பவே பின்னம் கூட்டத் தெரியாமதான் வருதுங்க" என்று பத்தாம் வகுப்பு டீச்சரைக் காட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்பைக் காட்டினார். ஐந்தாம் வகுப்பு டீச்சர், அடித்தளமே சரியில்லை என்று எல்.கே.ஜி. மிஸ்ஸைக் காட்டினார். அவருக்குக் கைகாட்ட ஆளில்லை.

"எங்கிட்ட வந்தப்ப அதுக்கு மூணு வயசு. அழுதுகினு வந்துச்சு. கண்ணத் தொடச்சி ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுத்தேன். அத இன்னும் மறக்கலல்ல?" என்றார் அவர்.

கல்லூரி சார்தான் கடைசியில் இறங்கி வந்தார். "பதினொண்ணாவது நடத்தலைன்னு ஸ்கூல்லேர்ந்து ஒரு வரி எழுதிக் குடுங்க. தினம் சாயங்காலம் அடியிலேர்ந்து நானே நடத்துறேன், பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு. ஸ்கூல்ல நடத்தியும் ஏறலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பெயிலான எல்லாருக்கும் தனி கிளாஸ் போட எனக்கு அனுமதி இல்ல."

தாளாளர் மணியை அடித்து, என் பழைய பாடப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே நாங்கள் எழுதிவைப்பது அது. நடத்தாத பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள் முழுக்க, நாள்வாரியாக, என் கையெழுத்தில் இருந்தன. ஒரே மூச்சில் எழுதியது தெரியக் கூடாது என்று மூன்று பேனாவில் மாற்றி மாற்றி எழுதியிருந்தேன்.

"நடத்தினீங்கல்ல மிஸ்?" என்றார்.

இல்லை என்ற ஒரு சொல் போதும், அந்தப் பெண் தப்பித்திருப்பாள். எனக்குப் பயம். நியாயம் சொல்ல வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்காது. அவர் மேசை, அவர் மணி, எதுவும் பிடிக்காது. ஆனால் என் வாயை யாரும் கட்டிவைக்கவில்லை.

"நடத்தினேன்" என்றேன்.

பதிவேட்டை அந்தப் பெண் பக்கம் தள்ளினார்கள். அவள் இரண்டு மூன்று பக்கம் புரட்டிப் பார்த்தாள். அவள் மனப்பாடம் செய்த சூத்திரங்களின் தலைப்புகளும் அதில் இருந்தன. அதுவரை எங்களைத் திட்டிக்கொண்டிருந்த அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

"அவங்க நடத்திக்கினுதான் கீறாங்க. நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"மிஸ் நடத்தியிருப்பாங்கப்பா. எனக்குத்தான் மண்டைல ஏறல போல."

அன்றைக்கே அவர் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கல்லூரி சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பெண் அப்பாவின் பின்னால் வாசல்வரை போனவள், திரும்பி என்னிடம் வந்தாள்.

"சாரி மிஸ். என்னால உங்களையும் கூப்ட்டுக் கேள்வி கேட்டுட்டாங்க" என்றாள்.