ஜன்னலுக்குக் கம்பி கேட்ட ஸ்டெல்லா அக்கா

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எங்கள் அடுக்குமாடியின் காவலர் அழைத்தார். "அக்கா, உடனே வாங்க. ஸ்டெல்லா அக்கா விழுந்துட்டாங்க." நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஆனால், அதன் பணியாளர்கள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. முந்தின மாலை கார் நிறுத்துமிடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர். இதை எழுதும்போதும் மனம் ஏற்க மறுக்கிறது.

கிள்ளானில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாக இருந்து, ஓய்வு பெற்றபின் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்தேன். வந்தவர் உட்காரவில்லை.

"இந்த சோபாவ ஜன்னல் ஓரமா யாரு போட்டது?"

"நான்தான்க்கா. காத்து வரும்னு."

"உங்க பாப்பாவுக்கு அது ஏணிலா."

என் கணவரையும் சேர்த்துக்கொண்டு சோபாவை எதிர்ச்சுவருக்கு இழுத்துவிட்டுத்தான் முறுக்கில் கை வைத்தார். விருந்துக்கு வந்தவர் வீட்டையே மாற்றுகிறாரே என்று எனக்கு எரிச்சல்.

மறு வருடம் எங்கள் குடியிருப்பின் பக்கத்துக் கட்டடத்து ஜன்னலிலிருந்து கவின் என்ற பிள்ளை விழுந்தான். மூன்று வயது. பூந்தொட்டி விழுந்த சத்தம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். முதலில் ஓடிப்போய் மண்டியிட்டவர் ஸ்டெல்லா அக்கா. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எழுந்து, படியிறங்கி ஓடிவந்த தாயை மறித்துக் கட்டிக்கொண்டார்.

சாவு வீட்டில் யாரோ "எல்லாம் விதி" என்றார்கள். அக்காவின் குரல் உயர்ந்தது. "விதின்னு சொல்லாதீங்க. ஜன்னல்ல கம்பி இல்லன்னு சொல்லுங்க. விதிய ஒண்ணும் பண்ண முடியாது. கம்பி போட முடியும்." பிறகு அந்தத் தாயிடம் திரும்பி, மிகத் தாழ்ந்த குரலில், "உன் தப்பு இல்லம்மா. நீ சோறு வடிச்சிட்டு இருந்த" என்றார். அந்த வீட்டில் அன்று அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அதன்பிறகும், கட்டடத்தின் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஜன்னலுக்குக் கிரில் கம்பி போடக்கூடாது என்றது நிர்வாகம். கூட்டத்தில் அக்கா எழுந்தார். "முகப்பு முகப்புங்கறீங்க. பிள்ளை விழுந்த அன்னிக்கு நாம எல்லாரும் கீழதான பார்த்தோம்?" பிறகு நிர்வாகத்தின் அந்த விதி மாறியது. கம்பி போடச் சொல்லி அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். வாடகைக்கு இருப்பவர்களுக்காக வீட்டு உரிமையாளர்களிடம் மல்லுக்கட்டினார். கிரிலில் ஒரு பக்கம் திறக்க வேண்டும், அதன் சாவி பெரியவர்களுக்கு எட்டும் உயரத்தில் பக்கத்திலேயே தொங்க வேண்டும் என்பார். "தீப்பிடிச்சா நீங்க வெளிய வரணும்லா."

அந்தச் சனிக்கிழமை நடந்ததைக் கலைவாணி சொல்லித்தான் அறிந்தேன். செலாயாங்கிலிருந்து அப்போதுதான் ஏழாவது மாடிக்குக் குடிவந்த பெண். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு, கம்பி இல்லை. கீழே நின்ற அக்கா, அந்த ஜன்னலில் ஒரு குழந்தையின் தலையைப் பார்த்திருக்கிறார். கத்தியிருக்கிறார், மேலே கேட்கவில்லை. காவலரை ஜன்னலுக்கு நேர்கீழே நிற்கச் சொல்லிவிட்டுப் படியேறி ஓடியிருக்கிறார். லிப்ட் பழுது.

"கதவ இடிச்சாங்கக்கா. தெறந்தா மூச்சு வாங்குது, பேச முடியல. 'ஜன்னல், ஜன்னல்'னாங்க. ரூமுக்கு ஓடுனா, பாப்பா கட்டில்மேல ஏறி வெளிய எட்டிப் பார்த்துட்டு நிக்கிறா. தூக்கிட்டு வந்தேன். அவங்க வாசல்லயே சாஞ்சிட்டாங்க. 'புள்ள கெடச்சுதா?'ன்னு கேட்டாங்க. கெடச்சிருச்சுன்னு காட்டுனேன். அப்புறம் பேசவே இல்ல. அவங்க பேருகூட எனக்குத் தெரியாதுக்கா."

மாரடைப்பு என்றார்கள். அடக்கத்தன்று தேவாலயத்தில் கலைவாணி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கவினின் அம்மா அவளருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்காவை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். பிறர் கோபித்துக்கொள்வார்களே என்று வாயை மூடிக்கொள்ளாத அவருடைய குணத்தை எனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மதியம் கடைத்தெருவில் ஒருவர், தூங்கும் பிள்ளையைக் காரிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். குறுக்கே போய் நின்றேன்.

"பாஸ், பிள்ளையத் தூக்கிட்டுப் போங்க."

"அஞ்சு நிமிசம்தான்லா."

"பரவால்ல. தூக்கிட்டுப் போங்க."

முறைத்தார். முறைத்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.