சுவரில் யூப்ளியாவின் பெயர்

கடைப் பலகைகளைக் கழற்றி உள்ளே சாய்த்துவிட்டு யூப்ளியா தெருவில் இறங்கிப் பார்த்தபோது சுவரில் அவள் பெயர் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை இரண்டு வரி இருந்தது. 'வெரானியஸ் தூஸ்கஸை ஏடில் ஆக்குங்கள்' என்று சிவப்பில் பெரிய எழுத்து, தேர்தல் விளம்பரம். அதன் கீழே கொஞ்சம் சிறிதாக, 'யூப்ளியா கேட்டுக்கொள்கிறாள்' என்று. மேல் வரி அப்படியே இருந்தது. கீழ் வரியின் மேல் யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை.

பக்கத்து வெளுப்புக்கடைக் கேர்தோ, துணி வெளுக்கப் போகிறவர் வருகிறவர் மூத்திரத்தைச் சேர்க்கும் சாடியைத் தெருவோரமாக நகர்த்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"என்னக்கா, பேரை எடுத்துட்டானுங்களா?"

"மழை அடிச்சிருக்கும்."

"மழை சுண்ணாம்பாவா பெய்யுது? அதுவும் உன் பேரு மேல மட்டும்? தூஸ்கஸ் வீட்டு ஆளுங்கதான், வாளியும் மட்டையுமா வந்தானுங்க. என்னடான்னு கேட்டேன். மதுக்கடைக்காரி சொல்லித்தான் ஜெயிச்சான்னு நாளைக்கு எவனும் பேசிடக் கூடாதாம்."

யூப்ளியா உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். கொண்டைக்கடலை வேகவேண்டும். கட்டட வேலைக்காரர்கள் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார்கள்.

அவள் அந்த வெரானியஸ் வீட்டுச் சமையலறையில் பிறந்தவள். தூஸ்கஸின் அப்பா, பெரிய எஜமான், அவளுடைய கைப்பக்குவத்துக்கு அடிமை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அவர் செத்தபோது உயிலில் அவளுக்கு விடுதலை எழுதி வைத்திருந்தார். அன்றிலிருந்து அவள் வெரானியா யூப்ளியா. ஆனால் உயிலில் மகள் ஜனுவாரியாவின் பெயர் இல்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. தாய் அடிமையாக இருந்தபோது பிறந்த பிள்ளை, தாய் விடுதலையானாலும் வீட்டுச் சொத்துதான். தகப்பன் லாயத்தில் வேலை பார்த்தவன். கோவேறு கழுதை உதைத்து எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். ஆகவே அம்மா வாசல் வழியாக வெளியே வந்தாள், மகள் உள்ளேயே இருந்தாள்.

நாற்சந்தியில் கடை போட்டதே அந்த வீடு அங்கிருந்து பக்கம் என்பதால்தான். சந்தைக்குப் போகும்போது ஜனுவாரியா கடையின் கல்மேடையில் ஒரு நிமிஷம் கூடையை இறக்கிவைப்பாள். யூப்ளியா ஒரு கிண்ணம் நீட்டுவாள். அவ்வளவுதான் குடும்ப வாழ்க்கை.

தெருவையும் சந்தையையும் தண்ணீரையும் பார்க்கும் ஏடில் பதவிக்கு தூஸ்கஸ் நிற்கப்போகிறான் என்று தெரிந்ததும் அவள் அவனிடம் போய் மகளை விடுவிக்கும்படி கேட்டாள். "தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்" என்றான் அவன். பெண்ணுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவள் பேட்டையில் ஓட்டுள்ள ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அவளிடம்தான் சாப்பிட்டார்கள். எனவே சுவரெழுத்துக்காரன் ப்ரோத்தஸைக் கூப்பிட்டு அந்த இரண்டு வரியை எழுதச் சொன்னாள். பழைய எஜமானுக்கு விடுதலை பெற்றவள் காட்டவேண்டிய மரியாதை என்று அவனும் நினைத்தான், அவளும் நினைத்தாள்.

பெயர் அழிந்த மறுநாள் காலை அவள், பூண்டும் பாலாடைக்கட்டியும் சேர்த்து இடித்த துவையலை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். காலை வணக்கத்துக்கு வந்த கூட்டம் முன்கூடம் முழுக்க நின்றது. தூஸ்கஸ் வேட்பாளருக்கே உரிய வெண்சுண்ணம் தேய்த்த தோகா அங்கியில் நாற்காலியில் இருந்தான்.

"எஜமான், சுவத்துல என் பேரை..."

"ஆமா, நான்தான் அழிக்கச் சொன்னேன். மனசுல வச்சுக்காதே யூப்ளியா. உன் கடையில யார் யாரு உக்காருறாங்கன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பேரும் என் பேரும் ஒரே சுவத்துல இருந்தா நல்லாவா இருக்கும்?"

பக்கத்தில் நின்ற, அந்த வீட்டில் ஓசிச் சோறு தின்னும் ஒட்டுண்ணி ஒருவன், "விட்டா நாளைக்கு அவ கழுதையும் கேட்டுக்கும்!" என்றான். கூடம் சிரித்தது. யூப்ளியாவும் சிரித்துவைத்தாள். எஜமான் வீட்டில் சிரிப்பு வந்தால் கூடச் சிரிப்பது அவளுக்குப் பால்குடிக்கும்போதே பழகியது.

பின்வாசலில் ஜனுவாரியா நின்றாள். கையில் சாம்பல் வாளி.

"அம்மா, தேர்தல் முடிஞ்சதும் என்னை எஜமானோட தங்கச்சிக்குக் கொடுக்கப்போறாங்களாம். மஸ்ஸிலியாவுக்கு. கப்பல்ல."

"யாரு சொன்னது?"

"துணி மடிக்கிறப்ப பேசிக்கிட்டாங்க. அந்தம்மாவுக்குப் பிரசவமாம், கைக்கு ஒரு ஆள் வேணுமாம்."

யூப்ளியா அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

வழக்குப் போட வழியில்லை. விடுதலை பெற்றவள் பழைய எஜமானை மன்றத்துக்கு இழுக்க முடியாது. விலை கொடுத்து வாங்கலாம் என்றால் விற்கவேண்டியவன் விற்க நினைக்கவேண்டும். கடைக்குத் திரும்பும் வழியில் நாற்சந்தித் தெய்வங்களின் மாடத்துக்கு முன் நின்று ஒரு தேன்பணியாரம் வைத்தாள். பெரிய கோயில்களில் பெரிய மனிதர்கள் எருது வெட்டுவார்கள். சந்திமூலைச் சாமிகளுக்கு அடிமைகளும் சமையற்காரிகளும்தான் பூசை. ஆகவே இவர்களுக்குச் சங்கதி புரியும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். நேர்த்தி என்ன நேர்ந்துகொண்டாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டொரு நாள் போயிருக்கும். காலையில் ஊர் கண்விழித்தபோது சுவரெல்லாம் சிவப்பு எழுத்து. வெந்நீர்க் குளியல்கூடத்தின் எதிரே: 'தூஸ்கஸை ஏடில் ஆக்குங்கள். கழுதைத் திருடர் சங்கம் கேட்டுக்கொள்கிறது.' மன்றத்துக்குப் போகும் வளைவில்: 'தூஸ்கஸே எங்கள் ஆள். பெண்டாட்டியிடம் அடி வாங்குவோர் அனைவரும்.' யூப்ளியாவின் சுவரில், சுண்ணாம்பு அடித்த அதே இடத்தில்: 'ஓசிக் குடிகாரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.'

ஊரே சிரித்தது. ரொட்டிக்கடை வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். யூப்ளியா அடுப்பை அப்படியே விட்டாள். நேராக ப்ரோத்தஸின் வீட்டுக்குப் போனாள். அவன் விரலிடுக்கில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது.

"யாரு எழுதச் சொன்னா?"

"கேர்தோ. கூலிகூட வாங்கலக்கா. உன் பேரை அழிச்சது எங்க எல்லாருக்குமே கடுப்பு. எழுத்து எப்படி? அந்தக் 'கழுதை'யில வால் மாதிரி ஒரு இழுப்பு இழுத்திருக்கேன், பார்த்தியா?"

"என் பொண்ணு அந்த வீட்டுக்குள்ள இருக்காடா, மடையா! அவன் கோபத்தை எவ முதுகுல தீப்பான்?"

ப்ரோத்தஸின் முகம் விழுந்துவிட்டது. அவன் ஜனுவாரியாவைக் கல்மேடையில் பார்த்திருக்கிறான். சில நாள் அவள் வரும் நேரம் பார்த்துப் பசி எடுக்கும் அவனுக்கு. "இப்பவே அழிச்சிடறேன்" என்று வாளியைத் தூக்கினான்.

ஆனால் காரியம் கைமீறிவிட்டது. எழுத்துக் கற்றவன் கையில் ஒரு கரித்துண்டு இருந்தால் போதாதா? தூஸ்கஸின் ஆட்கள் ஒன்றை அழித்தால் இரண்டு முளைத்தது. பிணம் தூக்குகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். குறட்டை விடுகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எதிர்த்து நின்றவன் ஒரு வார்த்தை பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பிறகு ஒரு மத்தியானம், கடை நிரம்பியிருந்த நேரத்தில், தூஸ்கஸே வந்தான். வாழ்நாளில் அந்தத் தெருக்கடைக்குள் கால் வைக்காதவன். எதிரில் வருகிறவர் பேரை அவன் காதில் ஓதும் அடிமை பின்னால் வந்தான். ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து, "நண்பா ஸ்தாலியஸ், எப்படி இருக்கே? கேர்தோ, என் நண்பா!" என்று சொல்லிக்கொண்டே கல்மேடைக்கு வந்து சேர்ந்தான். குரலைத் தணித்தான்.

"யூப்ளியா, இதை நிறுத்து."

"நான் எழுதச் சொல்லல, எஜமான். காஸ்தர் சாமி மேல சத்தியம்."

"நீ சொல்லலைன்னு தெரியும். ஆனா நீ சொன்னா நிப்பாட்டுவாங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகப் பேசியது.

"சொல்றேன். எனக்கு ஜனுவாரியாவைக் குடுங்க."

"தேர்தல் முடியட்டும்னு சொன்னேனே."

"முடிஞ்சா நீங்க ஏடில். நான் யாரு? அவ கப்பல்ல இருப்பா."

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுபோல அவன் பார்த்தான். "இப்ப என்ன செய்யச் சொல்றே? நீதிபதி வேணும், தொட்டு விடுவிக்கக் கோல் வேணும், நல்ல நாள் வேணும்..."

"கோல் எதுக்கு?" என்று பின்னாலிருந்து கேர்தோ வாயில் கடலையோடு கேட்டான். "நண்பர்கள் முன்னால சொன்னாலே விடுதலைதானே? எங்க அப்பனை அப்படித்தான் விட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல."

"ஆமா. ஆனா அதுக்கு நண்பர்கள்..."

சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தூஸ்கஸுக்குத் தான் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. கடை முழுவதும் கை துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தது.

"இப்பதானே என்னை நண்பான்னீங்க?" என்றான் ஸ்தாலியஸ், ரொம்ப அப்பாவியாக. "ஓட்டுக்கு மட்டும்தானா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யூப்ளியா சிரிக்கவில்லை. கல்மேடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தூஸ்கஸ் வாசலைப் பார்த்தான். அங்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் காதோதும் அடிமையிடம், "போய் அந்தப் பெண்ணைக் கூட்டிட்டு வா" என்றான்.

அவள் வரும் வரை சும்மா நிற்க முடியாது. யூப்ளியா ஒரு கிண்ணத்தில் கடலையைப் போட்டு மேலே மீன்சாறு ஊற்றி நீட்டினாள். அவன் நின்றபடியே சாப்பிட்டான்.

"நான் சின்னப் பையனா இருக்கறப்ப சீரகம் போடுவியே."

"அடியில கிடக்கு, கலக்கிக்குங்க."

கலக்கிக்கொண்டு சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டான். ஜனுவாரியா ஈரக் கையோடு ஓடிவந்து, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து வாசலிலேயே நின்றாள். தூஸ்கஸ் வாயைத் துடைத்துக்கொண்டு, "என் நண்பர்களே, நீங்கள் சாட்சி. இந்த ஜனுவாரியா இனிச் சுதந்திரமானவள்" என்று மன்றத்தில் பேசுகிற குரலில் சொன்னான். கடை கத்தியது. கேர்தோ மேசையை அடித்ததில் ஒரு குடுவை உடைந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "எஜமான், தண்ணி இன்னும் தூக்கல" என்றாள்.

சாயங்காலத்துக்குள் யூப்ளியா தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டாள். எழுத்து நின்றது. தூஸ்கஸ் ஜெயித்தான். யூப்ளியாவின் பேட்டையும் அவனுக்குத்தான் போட்டது. ஏடில் ஆனதும் முதல் வாரமே அவன் ஆட்கள் வந்து அவளுடைய மதுக் குவளைகளை அளந்து பார்த்து, ஒன்று அளவு குறைகிறது என்று போட்டு உடைத்தார்கள். அது உண்மையிலேயே குறைவுதான்.

மகள் வந்து சேர்ந்ததும் எல்லாம் தேனாக ஓடவில்லை. ஜனுவாரியா பெரிய வீட்டில் பலரோடு படுத்து எழுந்தவள். கடைக்கு மேலே இருந்த சின்ன அறையில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் பேச்சு அதிகாரமாகத் தெரிந்தது. "அங்க அடிச்சாங்க, ஆனா இப்படி நாள்பூரா பின்னாலேயே வரல" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். யூப்ளியா அன்றைக்கெல்லாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். குளிர்காலத் திருவிழா வந்தது. நாற்சந்தி மாடத்தில் வீட்டிலுள்ள சுதந்திரமானவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளிப் பொம்மை, அடிமை ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளிப் பந்து தொங்கவிடுவார்கள். ஜனுவாரியா பழக்கதோஷத்தில் ஒரு பந்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். யூப்ளியா அதைக் கையிலிருந்து வாங்கி, பிரித்து, அதே நூலில் பொம்மை கட்டக் காட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் சண்டை குறைந்தது.

நண்பர்கள் முன்னால் கிடைத்த விடுதலை அரை விடுதலைதான். ஜனுவாரியா சாகும்போது அவள் சொத்து மறுபடி தூஸ்கஸுக்கே போகும். முழுசாக வேண்டும் என்றால் முறையாகக் கல்யாணம் செய்து, பிறந்த பிள்ளை ஒரு வயசு தாண்டவேண்டும்; பிறகு அதிகாரியிடம் போய் நிரூபிக்கவேண்டும். ப்ரோத்தஸ் பெண் கேட்டு வந்தபோது யூப்ளியா, "கூலி வாங்காம எழுதுற பழக்கம் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சத்தியம் செய்தான். கொடுத்தாள்.

பேரன் ஒரு வயசு தாண்டிய உடனே அவனைத் தூக்கிக்கொண்டு மாகாண அதிகாரி வந்திருந்த ஊருக்கு மூவரும் கழுதை வண்டியில் போனார்கள். சாட்சிக்குக் கேர்தோவும் ஸ்தாலியஸும் வேலையை விட்டு வந்தார்கள். அதிகாரி பேசும்போது பேரன் கத்து கத்தென்று கத்தினான். "உயிரோட இருக்கான்னு நிரூபணம் தேவையில்லை" என்று சொல்லி அவர் முத்திரை வைத்தார்.

அதற்கடுத்த பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி யூப்ளியா இறந்துபோனாள். கடையை ஜனுவாரியா எடுத்து நடத்தினாள். கடலை அம்மா வைத்ததுபோல வரவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள்.