ஓரிக்கை ஆலையில் திறந்து கிடந்த கதவு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை விஷயமாகக் காஞ்சிபுரம் போனேன். தொழிற்சாலை இயந்திரங்களைத் தானாக இயக்கும் மின் கட்டுப்பாடுதான் என் தொழில். ஓரிக்கையைத் தாண்டி ஒரு பேக்கிங் ஆலையில் பெட்டி அடுக்கும் ரோபோ அடிக்கடி நின்றுவிடுகிறது, பகல் ஒரு மணிக்கு லாரி கிளம்புவதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று அழைப்பு.

தாம்பரத்தில் காலை 6.20க்குப் பேருந்து, கட்டணம் 55 ரூபாய். 8.15க்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து ஆட்டோ 150 ரூபாய். "இன்னிக்கு முகூர்த்தம் மேடம். காந்தி ரோடு பக்கமே போவ முடியாது, புடவை எடுக்க வந்துக்கினே இருக்காங்க" என்று ஓட்டுநர் சுற்றுவழியில் போனார். ஏழு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம்.

பராமரிப்பு மேற்பார்வையாளர் குமரேசன் வாசலிலேயே நின்றிருந்தார். "முதலாளி மூணு வாட்டி போன் போட்டுட்டாரு மேடம்."

ரோபோ ஒரு கம்பி வலைக் கூண்டுக்குள் இருக்கிறது. கூண்டின் கதவைத் திறந்தால் அது அசையக் கூடாது. அதற்காகக் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. மின்சாரத்தை அணைத்துவிட்டு உள்ளே போய்த் தேடினேன். ரோபோ கையின் மடிப்பில் ஒரு கேபிள் உள்ளுக்குள் அறுந்திருந்தது. அதை மாற்றி, வெளியே வந்து கதவைச் சாத்தியபோது மணி 11.40. ரோபோவை இயக்கும் கட்டுப்பாட்டுப் பேனல், பெட்டி அடுக்குகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கிருந்து கூண்டு தெரியாது. மெயின் சுவிட்சைப் போட்டேன். 'கதவு மூடியுள்ளது' என்றது திரை.

"ஓட்டுங்க மேடம், பன்னெண்டாவுது" என்றார் குமரேசன்.

விரல் பொத்தான் மேல் இருந்தது. கூண்டுப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதவு விரியத் திறந்திருந்தது. இயந்திரம் ஓட்டும் ரெஜினா ரோபோ கைக்கு நேர்கீழே மண்டியிட்டுப் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வெளிய வாங்க!"

"செதறிக் கெடக்குது மேடம், தோ எடுத்துட்டு..."

"இப்பவே வாங்க!" என்று கத்தினேன்.

பேனலைத் திறந்தால், கதவு சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு சிவப்பு ஒயர் இணைத்திருந்தது. கதவு திறந்தாலும் மூடியதாகவே காட்டும். குமரேசன் தலையைக் குனிந்தார். "சுவிட்ச் ஒடஞ்சி ரெண்டு வாரம் ஆவுது. லைன் நிக்கக் கூடாதுன்னு நான்தான் போட்டேன்."

ஒயரைப் பிடுங்கினேன். முதலாளி போனில், "இன்னிக்கு மட்டும் ஓட்டிக் குடும்மா" என்றார். முடியாது என்றேன். என் மேலாளரிடம் பேசப் போவதாக மிரட்டினார். பேசட்டும் என்று மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு எல்லோரும் கையாலேயே பெட்டிகளை அடுக்கினோம், நானும்தான். லாரி 2.35க்குக் கிளம்பியது. நான்கு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புது சுவிட்ச் வந்தது. மாட்டி, ரோபோவை ஓடவிட்டுக் கதவை ஐந்து முறை திறந்து பார்த்தேன். ஐந்து முறையும் ரோபோ நின்றது.

முகூர்த்த நாளில் போகிறவர்கள் எட்டு மணிக்குள் ஊருக்குள் நுழைந்துவிடுங்கள். என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன் கூண்டுக் கதவைச் சோதியுங்கள். ஒன்பது வருட அனுபவம் இருந்தும் நான் அதைச் செய்யவில்லை, திரையை நம்பினேன்.

கிளம்பும்போது ரெஜினாவிடம் அந்த ஒயரைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அதை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்தார்.

"கதவத் தொறந்தா அது நின்னுடும்னு நெனச்சுக்கினுதான் மேடம், தெனமும் உள்ள போனேன்" என்றார்.