தங்கபுஷ்பத்தின் தண்ணீர் முறை

கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்த நாளிலிருந்து தங்கபுஷ்பத்துக்கு வாய்த்ததெல்லாம் வாடகை வீடு. கணவர் சண்முகசுந்தரம் உஸ்மான் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே குடித்தனம். மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகு அவள் மொட்டை மாடியில் மண் கொட்டிச் சுரைக்கொடி போட்டாள். தளம் ஒழுகும், எடுத்துவிடுங்கள் என்றார் வீட்டுக்காரர். பூவும் பிஞ்சுமாக இருந்த கொடியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு, நேரே கடைக்குள் இறங்கி வந்தாள்.

"ஏங்க, நமக்குன்னு மண்ணு வேணும். வீட்டோட சேந்த மாதிரி நாலு ஏக்கர் பாருங்க."

"பாத்திரம் விக்கவளுக்கு ஏர் எதுக்குட்டி?" என்று சிரித்தார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தாள். மயிலாப்பூரிலிருந்து பேங்க் உத்தியோகஸ்தர் ஸ்ரீரங்கன், மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தார். பெயர் வெட்டி முடியும்வரை காத்திருந்த நேரத்தில் அவரிடமும் கேட்டாள். அச்சிறுபாக்கத்தில் தம் அப்பா விட்டுப்போன வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒட்டினாற்போல நாலு ஏக்கர் இருக்கிறது என்றார் அவர்.

எழுபத்தொன்றாம் வருஷம் மாசியில் மூவருமாகப் போய்ப் பார்த்தார்கள். சுவர் திடமாக இருந்தது. பட்டா, வில்லங்கம், வாசல் பார்த்த திசை என்று எதிலும் குறை இல்லை. பின்னாலிருந்த கிணற்றில் சண்முகசுந்தரம் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தார். "கல்கண்டுல்லா!" என்றார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆனி முடிவதற்குள் பத்திரம் பதிவதாகப் பேச்சு.

பங்குனியில் வெள்ளையடிக்க ஆள் பேசுவதற்காகத் தங்கபுஷ்பம் தனியாகப் போனாள். கிணற்றடியில் மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தாள் பக்கத்து வயல்காரி ஹாஜிரா பீ.

"மெட்ராஸ்லேருந்து கெணத்த எட்டிப் பாத்துட்டுப் போனது நீங்கதானா? ருசி பாத்தீங்க, சரி. முறை கேட்டீங்களா?"

"என்ன முறைக்கா?"

"அது சரி!" ஹாஜிரா பீ வாய்விட்டுச் சிரித்தாள். "இது நாலு வீட்டுப் பொதுக் கெணறும்மா. சித்திரையில தண்ணி இறங்கினதும் தூர் வாருவோம். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சேறு சுமக்கணும். வராத வீட்டுக்கு அந்த வருசம் தண்ணி முறை கெடையாது. பேங்க்காரர் வீட்டு முறை போய் ரொம்ப காலமாச்சு. குடிக்க ஒரு குடம் எடுத்துக்க, யாரும் கேக்கமாட்டோம். வயலுக்குச் சொட்டு வராது."

"கூலிக்கு ஆள் அனுப்பினா?"

"கூலியாளுக்குக் கூலி குடு. முறை வேணும்னா வீட்டு மனுசங்க வரணும்."

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் திரும்பும்போது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அத்தனை கேட்டும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே!

விஷயத்தைக் கேட்ட சண்முகசுந்தரத்துக்கு உள்ளூர நிம்மதி. "குழாயத் தொறந்தா தண்ணி வரும்னே பழகிட்டோம். தப்பிச்சோம்னு நெனச்சுக்கோ. பேச்ச முறிச்சிக்கிடலாம்."

"முறிக்க வேண்டாம். நான் தூர் வாரப் போறேன்."

"ஏட்டி, வாங்காத வீட்டுக்குச் சம்பளமில்லா வேலையா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்குத் தண்ணி வேணும்."

கத்திரி வெயிலில் தூர் வாரினார்கள். ஆண்கள் உள்ளே இறங்கிக் கூடைகளை நிரப்ப, பெண்கள் படிகளில் வரிசையாக நின்று கை மாற்றி மேலே அனுப்பினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்ற தங்கபுஷ்பத்தைப் பார்த்து, "பளபளன்னு பாத்திரம் எடுத்துக் காட்டுற கை. சேறு ஒட்டிக்கப் போவுது, பாத்து!" என்றாள் ஹாஜிரா பீ.

"ஒட்டினா கழுவிக்கிடுதேன். பேசாம கூடையத் தாங்க."

மறுநாளும் வந்தாள். தோளை அசைக்க முடியவில்லை. ஆனாலும் வரிசையை விட்டு விலகவில்லை. அடியில் ஊற்று கண் திறந்து தெளிந்த நீர் கசிந்ததும் ஹாஜிரா பீ மற்ற வீட்டாரைப் பார்த்தாள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை பகல் அந்த வீட்டு முறை," என்றாள்.

இந்தச் செய்தி மயிலாப்பூருக்கும் எட்டிவிட்டது. ஆனி பிறந்ததும் ஸ்ரீரங்கன் கடைக்கு வந்தார். முகத்தில் ஒரு தயக்கம்.

"முறை திரும்பி வந்துடுத்தாமே. இப்போ வேறொருத்தர் ஆசைப்பட்டுக் கேக்கறார். பெரிய வக்கீல். கொஞ்சம் யோசிக்கணும், தப்பா நினைச்சுக்காதீங்கோ."

அவர் படியிறங்கியதும் சண்முகசுந்தரம் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? சேறு சுமந்தது நீ. அனுபவிக்கப் போறது வக்கீல். அன்னைக்கே சொன்னேனே."

 அன்று சாயங்காலமே தங்கபுஷ்பம் மயிலாப்பூர் பஸ் ஏறிவிட்டாள். குளத்துக்குப் பின்தெருவில் வீடு. அவளைக் கண்டதும் ஸ்ரீரங்கன் பேப்பரை மடித்து வைத்தார்.

"வேற ஆளுக்குக் கொடுக்கதுன்னா கொடுங்க. வீடு உங்களுது," என்றாள் நின்றபடியே. "அடுத்த சித்திரைக்குத் தூர் வார வக்கீல் ஐயா வருவாரா?"

"அவர் எங்கே வரப்போறார்! ஆளை விட்டுப் பண்ணிப்பார்."

"ஆளை விட்டா முறை கெடையாது. நீங்களே ஹாஜிரா பீகிட்ட கேட்டுக்கிடுங்க. இப்போ வந்த முறை இந்த ஒரு வருசத்துக்குத்தான். அதை அவருகிட்ட சொல்லித்தான் நீங்க விக்கணும்."

"உங்ககிட்ட நான் மறைக்கலைம்மா. எனக்கே தெரியாது, சத்தியமா."

"அன்னைக்குத் தெரியாது, ஒத்துக்கிடுதேன். இப்போ தெரியும்லா."

ஸ்ரீரங்கன் பேப்பரை எடுத்தார். பிரிக்காமல் மறுபடி வைத்தார். கடைசியில், "அடுத்த மாசம் ஆடி பொறந்துடுமே," என்றார் மெதுவாக.

"அதான் இன்னைக்கே வந்தேன். புதன்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வாங்க. பேசின பேச்சுக்கு நாங்க வந்து நிப்போம்."

"சரி. வரேன்."

ஆனியிலேயே பத்திரம் பதிவாயிற்று, தங்கபுஷ்பம் பெயரில். அடுத்த வெள்ளிக்கிழமை கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு சண்முகசுந்தரமும் அச்சிறுபாக்கம் வந்தார். மோட்டார் இரைந்தது. வாய்க்கால் வழியே ஓடிவந்த தண்ணீர் முதல் பாத்தியில் பரவி, வெடித்துக் கிடந்த நிலத்தில் சத்தத்தோடு இறங்கியது. தங்கபுஷ்பம் கணுக்கால் சேற்றில் நின்று மடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே இங்கேயே இருக்கப் போறியா?"

"பின்னே? ஆள் இல்லாட்டி முறை போயிரும். கடைய நீங்க பாத்துக்கிடுங்க. ஞாயித்துக்கிழமை வந்திருங்க, சோறு பொங்கி வைக்கேன்."

"அப்போ நான் உன் வீட்டுக்கு விருந்தாளியா?"

"விருந்தாளியா வரணும்னா வரப்புலயே நில்லுங்க. அங்க பாருங்க, ஓரத்துல தண்ணி உடைச்சிக்கிட்டுப் போவுது."

சண்முகசுந்தரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மம்பட்டி எங்கட்டி இருக்கு?"